கல்லையும் கரைக்கும் காட்சிகள்

அழ வைப்பதற்கென்றே எடுக்கப்பட்ட படங்களில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களும் சில படங்களில் தோற்றுப்போகிறார்கள். திரையில் இருப்பவர் கண்ணீரை விழுங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அது நடக்கிறது.

ஆதரவாளர்கள் 'இரும்பு மனிதர்' என்று அழைத்த அரசியல்வாதி லால் கிருஷ்ண அத்வானி. 2007 டிசம்பரில் வெளியான ஆமிர் கானின் தாரே ஜமீன் பர் படத்தைப் பார்த்தபோது அந்த இரும்பு இளகியது. எழுத்துகள் கண்ணெதிரே நடனமாடுவதால் படிக்க முடியாமல் தவிக்கும் ஒரு சிறுவனின் கதை அது. அத்வானி கண்ணீர் விட்டார் என்பது அப்போது நாடெங்கும் செய்தியானது. 2020 பிப்ரவரியில் அதே காட்சி திரும்பவும் அரங்கேறியது. காஷ்மீர் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்த பண்டிட் தம்பதியைப் பற்றிய ஷிகாரா படம் முடிந்தபோது 92 வயது அத்வானி இருக்கையில் அமர்ந்தபடி விசும்ப, இயக்குநர் விது வினோத் சோப்ரா அருகே சென்று அவரைத் தேற்றும் வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

அத்வானி சினிமா தெரியாதவர் அல்ல. இளம் வயதில் ஆர்கனைசர் இதழில் பட விமர்சனம் எழுதியவர். கேமரா எங்கே நிற்கிறது, இசை எப்போது ஏறுகிறது என்பதெல்லாம் தெரிந்திருந்தும் தப்ப முடியவில்லை. கராச்சியில் பிறந்து, 1947-ல் அந்த ஊரை விட்டு வந்தவருக்கு வீட்டை இழந்தவர்களின் கதை எந்த இடத்தில் தைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கும் நாடு இது. சுடுகாட்டில் கூட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்கப் பழகியவர்கள் நம் ஆண்கள். அவர்களுக்கு அழ அனுமதி உள்ள இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று சினிமா தியேட்டர். விளக்குகள் அணைந்திருக்கும், எல்லோர் முகமும் ஒரே பக்கம் பார்த்திருக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். படம் முடியும் நேரத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும், வராத இருமலை வரவழைப்பதும், காலடியில் இருக்கும் செருப்பைக் குனிந்து தேடுவதும் எதற்காக என்று பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். அவரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

நான்கு காரணங்கள்

அழ வைக்கும் படம் என்றாலே சாவு உள்ள படம் என்று நினைப்பவர்கள் உண்டு. தொல்காப்பியர் அப்படி நினைக்கவில்லை. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அழுகையைச் சொல்லும் அவர், அதற்கு நான்கு காரணங்களைப் பட்டியலிடுகிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு. உற்றாரையோ உடைமையையோ இழப்பது இழவு. முன்பிருந்த நல்ல நிலை கெட்டுப்போவது அசைவு. வறுமைக்கு விளக்கம் தேவையில்லை. இந்த நான்கில் சாவு ஒன்றின் ஒரு பகுதி மட்டுமே. இந்தியத் திரையில் மனவலிமை மிக்கவர்களையும் கலங்கடித்த படங்களை எடுத்துப் பார்த்தால், இந்தப் பழைய பட்டியல் இன்றும் கணக்குத் தவறாமல் பொருந்துகிறது.

வறுமையிலிருந்தே தொடங்கலாம். பிமல் ராய் 1953-ல் எடுத்த தோ பீகா ஜமீன், ஹிந்தி சினிமாவின் போக்கை மாற்றிய படம். ஷம்பு மஹதோ என்ற விவசாயிக்கு இரண்டு பீகா நிலம். ஆலை கட்ட அந்த நிலம் வேண்டும் என்கிறார் ஜமீன்தார். தான் வாங்கிய கடன் 65 ரூபாய் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஷம்புவிடம், கணக்குப் புத்தகம் 235 ரூபாய் 8 அணா என்கிறது. மூன்று மாதத்தில் பணம் கட்டியாக வேண்டும். கல்கத்தாவுக்குப் போய்க் கைரிக்‌ஷா இழுக்கிறார். ஒரு காட்சியில் சவாரிக்காரர் இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று கூலியை ஏற்றிக்கொண்டே போக, மனிதன் குதிரையைப் போல ஓடுகிறான். கடைசியில் சக்கரம் கழன்று விழுகிறது.

ஆனால் பார்ப்பவர் உடைவது அங்கே அல்ல. நிலம் போய், அதன்மேல் ஆலை எழும்புகிறது. வேலிக்கு வெளியே நிற்கும் ஷம்பு ஒரு பிடி மண்ணை அள்ளுகிறார். காவலாளி திருடனைப் பிடிப்பது போல அதட்டுகிறான். கையைத் திறந்து மண்ணை உதிர்த்துவிட்டு ஷம்பு மனைவி, மகனோடு நடக்கிறார். அலறல் இல்லை, சாபம் இல்லை. ஒரு பிடி மண் கூடச் சொந்தமில்லை என்பது அந்த விரல்கள் விரியும்போது புரிந்துவிடுகிறது. 1954-ல் கான் பட விழாவில் சர்வதேசப் பரிசு பெற்ற படம் அது.

ஷம்புவாக நடித்த பல்ராஜ் சாஹனி, லாகூரில் ஆங்கில இலக்கியம் படித்து, லண்டன் பி.பி.சி.யில் பணியாற்றியவர். இவர் எப்படி விவசாயியாக நடிப்பார் என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். அவருக்கே சந்தேகம் இருந்தது. படப்பிடிப்பின்போது கல்கத்தாவில் பீகாரைச் சேர்ந்த ஒரு நடுத்தர வயது ரிக்‌ஷாக்காரரைச் சந்தித்ததைத் தன் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். அந்த மனிதரும் ஜமீன்தாரிடம் நிலத்தை அடகு வைத்து, அதை மீட்பதற்காகவே நகரத்துக்கு வந்தவர். பதினைந்து ஆண்டுகளாகியும் மீட்க முடியவில்லை. அதன் பிறகு நடிப்பைப் பற்றிய கோட்பாடுகளை மூட்டை கட்டிவிட்டு அந்த மனிதரின் மனதைத் தன்னுள் வாங்கிக்கொண்டதாகச் சொல்கிறார் சாஹனி.

குரல் இல்லாத ஓலம்

இழவுக்கு வரலாம். சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி 1955-ல் வெளிவந்தது. ஊர் ஊராக வேலை தேடிப் போன தந்தை ஹரிஹர் வெகுநாள் கழித்து வீடு திரும்புகிறார். மகள் துர்கா காய்ச்சலில் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் துர்காவுக்கென்று வாங்கிய சேலையை நீட்டுகிறார். அதுவரை இறுகிப்போயிருந்த தாய் சர்பஜயா அந்தச் சேலையைப் பல்லில் கடித்துக்கொண்டு கதறுகிறாள்.

அந்தக் கதறல் ரசிகர்களின் காதில் விழுவதில்லை. தாயாக நடித்த கருணா பானர்ஜியின் அழுகைக் குரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தார் ஷெனாயின் உச்ச ஸ்தாயி ஓலத்தை வைத்தார் ராய். இசையமைத்தவர் ரவிசங்கர். திரையில் வாய் திறக்கிறது, குரல் வரவில்லை. அந்தக் குரலைப் பார்ப்பவர் தன் நெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று நடக்கிறது. ஊரை விட்டுக் கிளம்பும்போது, துர்கா திருடவில்லை என்று சாதித்த மணிமாலையைத் தம்பி அபு வீட்டுக்குள் கண்டெடுக்கிறான். யாரிடமும் சொல்லாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மெல்ல மூடிக்கொள்கிறது. இறந்த அக்காவின் மானத்தைக் காப்பாற்ற ஒரு சிறுவன் செய்த காரியம். தாயின் கதறலைத் தாங்கிக்கொண்டவர்கள் பலர் இந்த இடத்தில் தலை குனிகிறார்கள்.

நாட்டுப் பிரிவினையின் காயத்தைச் சொன்ன எம்.எஸ். சத்யூவின் கரம் ஹவா, இழவும் அசைவும் சேர்ந்த படம். 1973-ல் எடுக்கப்பட்டு, தணிக்கைச் சிக்கலில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து வெளிவந்தது. ஆக்ராவில் செருப்புத் தொழில் செய்யும் சலீம் மிர்ஸாவாக நடித்தவர் அதே பல்ராஜ் சாஹனி. உறவினர்கள் ஒவ்வொருவராக பாகிஸ்தானுக்கு ரயில் ஏறுகிறார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த ஹவேலி கைவிட்டுப் போகிறது. வயதான தாய் வெளியேற மறுத்து, விறகு அடுக்கும் மூலையில் ஒளிந்துகொள்கிறாள். பிறகு சாகும் தறுவாயில் அவளைப் பல்லக்கில் வைத்து அந்த வீட்டுக்கே தூக்கி வருகிறார்கள். மணப்பெண்ணாக வந்து இறங்கிய அதே வாசலில் அவள் உயிர் பிரிகிறது.

மகள் ஆமினா தற்கொலை செய்துகொண்டு கிடக்கும் காட்சி அடுத்து வருகிறது. வேறு படமாக இருந்தால் தந்தை மார்பில் அறைந்துகொண்டு அழுதிருப்பார். சாஹனி அழவில்லை. நின்று பார்க்கிறார், அவ்வளவுதான். அவருடைய சொந்த மகள் ஷப்னம் 1972-ல்தான் அகாலமாக இறந்திருந்தாள். கரம் ஹவாவுக்கு டப்பிங் முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, சாஹனியும் இறந்துபோனார். படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

தகப்பன் தலைகுனியும்போது

கடின உள்ளம் கொண்ட ஆண்களை மிக எளிதாக வீழ்த்துவது இளிவுதான். அதிலும் தகப்பன் அவமானப்படும் காட்சி. மலையாளத்தில் லோகிததாஸ் எழுதி, சிபி மலயில் இயக்கி 1989-ல் வெளிவந்த கிரீடம் இதற்குச் சிறந்த உதாரணம். போலீஸ் கான்ஸ்டபிள் அச்சுதன் நாயருக்கு ஒரே ஆசை, மகன் சேதுமாதவன் சப் இன்ஸ்பெக்டராக வேண்டும். சந்தையில் ஒரு ரவுடி தந்தையை அடிக்கிறான். தடுக்கப் போன மகன் அவனைத் திருப்பி அடிக்கிறான். அந்த ஒரு அடி மகனை ஊர் ரவுடி என்ற நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது. இறங்க முயன்று இறங்க முடியாமல், முடிவில் கத்தியோடு நிற்கும் மகனிடம் அதைக் கீழே போடச் சொல்லிக் கெஞ்சுகிறார் தந்தை. தந்தையாகத் திலகன், மகனாக மோகன்லால். பின்னர், சேதுமாதவன் போலீஸ் வேலைக்குத் தகுதியற்ற குற்றவாளி என்று மேலதிகாரியிடம் அந்தத் தந்தையே விறைப்பாக நின்று அறிவிக்க வேண்டி வருகிறது. ஒரு சொல் பிசகாமல் கடமையைச் செய்கிறார். உடம்பு நேராக நிற்கிறது, முகம் மட்டும் உடைகிறது. பிரியதர்ஷன் 1993-ல் இதை கர்திஷ் என்று ஹிந்திக்குக் கொண்டுபோனார். 2007-ல் தமிழிலும் வந்தது.

தாரே ஜமீன் பரிலும் அதே நரம்புதான் தொடப்படுகிறது. சிறுவன் இஷானை விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்த் தள்ளிய தந்தை, பிறகு ஒருநாள் பள்ளிக்கு வருகிறார். ஓவிய ஆசிரியரிடம் தன் அக்கறையை நிலைநாட்டப் பார்க்கிறார். பதிலுக்கு நாலு நிதானமான வார்த்தைகள் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, அறிவிப்புப் பலகையின் முன் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க முயலும் மகனைத் தூரத்திலிருந்து பார்க்கிறார். அருகே போகும் துணிவு அவருக்கு இல்லை. பிள்ளையை மதிப்பெண் பட்டியலைக் கொண்டு அளந்த எத்தனையோ அப்பாக்கள் அந்த நிமிடத்தில் தங்கள் வீட்டை நினைத்திருப்பார்கள். மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் 2018-ல் வந்தபோது, பெண் வேடம் கட்டி ஆடும் ஏழைத் தகப்பன் உடை உருவப்பட்டுச் சாலையில் ஓடும் காட்சி தமிழ் ரசிகர்களை உறைய வைத்ததற்கும் காரணம் இதுவே.

தெரிந்த முடிவு, தீராத கண்ணீர்

கதை எப்படி முடியும் என்று தெரிந்துவிட்டால் அழுகை வராது என்பதும் தவறான நம்பிக்கை. ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ஆனந்த், 1971-ல் வந்தது. தோ பீகா ஜமீனுக்குப் படத்தொகுப்பு செய்தவர்தான் முகர்ஜி. டாக்டர் பாஸ்கர் பானர்ஜி தன் புத்தகத்துக்குப் பரிசு வாங்குவதோடு படம் தொடங்குகிறது. அந்தப் புத்தகம் இறந்துபோன ஆனந்தைப் பற்றியது. ஆக, கதாநாயகன் சாகப்போகிறான் என்பது முதல் சில நிமிடங்களிலேயே எல்லோருக்கும் தெரியும். ஆனந்துக்கும் தெரியும். குடலில் புற்றுநோய். இருந்தும் படம் முழுக்கச் சிரிக்க வைக்கிறான். முன்பின் தெரியாதவர்களை முராரிலால் என்று கூப்பிட்டு நட்பு பிடிக்கிறான். சிடுமூஞ்சி டாக்டராக அமிதாப் பச்சன், ஆனந்தாக ராஜேஷ் கன்னா.

ஆனந்த் இறக்கும் நேரத்தில் மருந்து வாங்கப் போயிருந்த பாஸ்கர் தாமதமாக வந்து, பேசு என்று சடலத்தை அதட்டுகிறான். அறையில் ஓடிக்கொண்டிருக்கும் டேப் ரிக்கார்டரிலிருந்து ஆனந்தின் குரல் எழுகிறது. முன்பு விளையாட்டாகப் பதிவு செய்தது. இத்தனை நேரம் சிரிக்க வைத்த அதே குரல்தான் இப்போது அழ வைக்கிறது. இரண்டு மணி நேரம் நண்பனாகப் பழகவிட்டுப் பிரிப்பது முகர்ஜியின் வழி.

பாலு மகேந்திராவின் மூன்றாம் பிறை (1982), அடுத்த ஆண்டே சத்மா என்று ஹிந்தியில் வந்த படம், இதற்கு எதிர்த்திசையில் போகிறது. அதில் யாரும் சாவதில்லை. நினைவிழந்து குழந்தையாகிப்போன பெண்ணைக் காப்பாற்றிப் பார்த்துக்கொண்டவன், அவள் குணமாகி ரயிலில் ஏறும்போது ஓடி வருகிறான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. முன்பு அவளைச் சிரிக்க வைத்த குரங்கு சேஷ்டைகளை மழையில் திரும்பச் செய்துகாட்டுகிறான். யாரோ பைத்தியம் என்று அவள் நினைக்கிறாள். அவள் குணமானது நல்ல செய்தி, அதுதான் அவனுடைய பேரிழப்பு. கமல்ஹாசனுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம்.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படமான சைராட் (2016) இன்னும் ஒரு படி மேலே போய் ஒலியையே நிறுத்திவிடுகிறது. சாதி மீறிக் காதலித்து ஓடிப்போய்ப் பிழைத்துக்கொண்ட இளம் ஜோடி கொல்லப்பட்டுக் கிடக்க, அவர்களுடைய குழந்தை ரத்தத்தில் கால் பதித்து வெளியே நடக்கிறது. பாட்டும் ஆட்டமுமாய் மகாராஷ்டிர தியேட்டர்களை அதிர வைத்த படம், ஒரு சத்தமும் இல்லாமல் முடிகிறது.

கைக்குட்டையும் ஆய்வுக்கூடமும்

அழ வைப்பதே நோக்கம் என்று மறைக்காமல் சொன்ன படங்களும் உண்டு. சிபி மலயிலின் ஆகாசதூது 1993-ல் வந்தபோது, டிக்கெட்டோடு கைக்குட்டையும் கொடுக்கப்பட்டதாகக் கேரளத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கணவனை இழந்து, தானும் ரத்தப் புற்றுநோயால் சாகப்போகும் ஒரு தாய், தன் பிள்ளைகளை நல்ல குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கிறாள். மாதவி நடித்த அந்தத் தாய், நோயைச் சொல்லிப் புலம்பும் நேரம் குறைவு. எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு என்று கணக்குப் பார்க்கும் நேரமே அதிகம். கால் ஊனமுற்ற பிள்ளையை யாரும் கேட்கவில்லையே என்ற கவலையில்தான் தியேட்டர் உடைந்தது.

சினிமாக் கண்ணீர் விஞ்ஞானிகளுக்கும் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சோகத்தை உண்டாக்க உகந்த துணுக்குகளில் ஒன்றாக தி சாம்ப் (1979) படத்தின் காட்சியை அடையாளம் காட்டினார்கள். குத்துச்சண்டை வீரரான தந்தை இறந்து கிடக்க, எழுந்திரு என்று சிறுவன் உலுக்கும் காட்சி. அதன் பிறகு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அது போடப்பட்டது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சோகப் படம் பார்த்த 60 பேரில் 28 பேர் அழுதார்கள். படம் முடிந்தவுடன் அழுதவர்களின் மனநிலை முன்பைவிட மோசமாக இருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடம் கழித்துப் பார்த்தால், படத்துக்கு முன்பு இருந்ததைவிடவும் மேலாக இருந்தது. அழாதவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

அழுதால் மனம் லேசாகும் என்று பாட்டிகள் சொன்னது சரி, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஆனால் இந்த லேசாகுதலில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஷம்புவுக்காக அழுதுவிட்டு வெளியே வந்து, ரிக்‌ஷாக்காரரிடம் நாலணாவுக்குப் பேரம் பேசியவர்கள் 1953-லும் இருந்திருப்பார்கள். கைரிக்‌ஷாவை ஒழிக்க மேற்கு வங்க சட்டசபை சட்டம் நிறைவேற்றியது 2006-ல், அதாவது அந்தப் படம் வந்து 53 ஆண்டுகள் கழித்து. அதன் பிறகும் அந்த வண்டிகள் கல்கத்தா தெருக்களில் ஓடின. கண்ணீர் கடனைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வது எளிது.

அதே சமயம் தாரே ஜமீன் பருக்குப் பிறகு 'டிஸ்லெக்சியா' என்ற சொல் சாதாரண வீடுகளிலும் புழங்கத் தொடங்கியது என்பதும் உண்மை. மக்கு என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளையை இன்னொரு முறை பார்க்க, ஒரு தந்தைக்காவது அந்த அழுகை உதவியிருந்தால் அது வீணல்ல.

இந்த இரண்டையும் ஒரே காட்சியில் சொல்லிவிட்ட படம் ரித்விக் கட்டக்கின் மேகே டாகா தாரா. ஆண்டு 1960. கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த குடும்பத்தை நீதா ஒருத்தியே உழைத்துக் காப்பாற்றுகிறாள். எல்லோரும் அவளால் கரையேறுகிறார்கள், அவளுக்குக் காசநோய் வருகிறது. ஷில்லாங் மலையில் உள்ள சானடோரியத்துக்கு அண்ணன் ஷங்கர் பார்க்க வரும்போது, அதுவரை எதுவும் கேட்காத அவள், தான் வாழ விரும்பியதாகக் கதறுகிறாள். கேமரா சுழல, மலைகள் அதை எதிரொலிக்கின்றன.

கட்டக் படத்தை அங்கே முடிக்கவில்லை. ஷங்கர் ஊர் திரும்பித் தெருவில் நிற்கிறான். வேலைக்குப் போகும் வேறொரு பெண்ணின் செருப்பு வார் அறுகிறது. படத்தின் தொடக்கத்தில் நீதாவுக்கு அறுந்தது போலவே. அந்தப் பெண் சங்கடத்தோடு ஒரு புன்னகை செய்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்துபோகிறாள். அவள் யார் என்று ஷங்கருக்குத் தெரியாது. அவளைப் பார்த்துத்தான் அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உடைந்து அழுகிறான்.